கை வைத்ததும் மூடிக்கொள்ளும் மெனு: டிராப்டவுன் எங்கே சறுக்குகிறது?

சிங்கப்பூரில் இயங்கும் ஒரு தமிழ் அமைப்பின் இணையத்தளம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் மேலே ஐந்து தலைப்புகள். ‘வகுப்புகள்’ மேல் மவுஸைக் கொண்டுபோனால் கீழே ஒரு பட்டியல் விரிகிறது. அதில் ‘சிறுவர்’ என்ற வரிக்குப் போனால் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல்: பேச்சுத்தமிழ், எழுத்து, கதைநேரம், நாடகம். நாடகத்தை நோக்கி மவுஸை நகர்த்துகிறீர்கள். பாதி வழியில் பட்டியல் மறைந்துவிடுகிறது, அல்லது வேறொரு பட்டியல் வந்து நிற்கிறது. அதே தளத்தைக் கைப்பேசியில் திறந்து ‘வகுப்புகள்’ மீது தட்டினால், பட்டியல் ஒரு கணம் மின்னிவிட்டுப் பக்கமே மாறிவிடுகிறது.

தளம் கெட்டுவிட்டது என்று அமைப்புக்கு மின்னஞ்சல் வரும். அமைப்பு, தளத்தைக் கட்டிக்கொடுத்தவரைக் கேட்கும். அவர் தம் கணினியில் பார்த்துவிட்டு, “எனக்குச் சரியாகத்தானே வருகிறது” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். நிரல் தனக்குச் சொன்னதை அப்படியே செய்கிறது. கோளாறு, நாம் அதற்கு என்ன சொன்னோம் என்பதில் இருக்கிறது.

## முதலில், எந்த டிராப்டவுன்?

ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று, படிவங்களில் வரும் பெட்டி. பிறந்த மாதத்தையோ குடியுரிமையையோ அதில் தேர்ந்தெடுப்போம். அதை உலாவியே ஆயத்தமாகத் தருகிறது. விசைப்பலகையிலும் கைப்பேசியிலும் எப்படித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இன்னொன்று, தளத்தின் மெனு. வேறு பக்கங்களுக்குப் போகும் இணைப்புகளை அடுக்கி, தலைப்புகளுக்குக் கீழே மறைத்துவைப்பது. இதைக் கட்டுபவரேதான் கட்ட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

மெனு என்பது அடிப்படையில் பட்டியலுக்குள் பட்டியல். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் அந்தப் பட்டியலை எழுதுகிறது. தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் அதற்கு நிறமும் இடமும் கொடுத்து, உள்பட்டியலை மறைத்துவைக்கிறது. மீதி இருப்பது ஒரே கேள்வி: எப்போது திறப்பது, எப்போது மூடுவது? மெனுவைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு அவசரத்தில் சொல்லப்பட்ட பதிலால் வருபவை.

## மவுஸ் பட்டாலே திறக்கும் பழக்கம்

1984இல் வந்த மேக்கின்டாஷ் கணினியில் மெனுவை அழுத்தித்தான் திறக்க வேண்டும். இன்றும் கணினியின் செயலிகளில் ‘ஃபைல்’, ‘எடிட்’ மெனுக்கள் அப்படித்தான். வெறுமனே மவுஸ் மேலே போனால் திறப்பதில்லை. இணையத்தளங்கள் மட்டும் ஏன் வேறு வழியில் போயின?

காரணம் கட்டுபவர்களின் வசதி. 1990களின் இறுதியில் மெனு கட்ட வேண்டுமென்றால் நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு விதமாகவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கு இன்னொரு விதமாகவும் நீளநீளமாக ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டியிருந்தது. 2003இல் ‘சக்கர்ஃபிஷ்’ என்ற உத்தி வெளியானது. சாதாரணப் பட்டியலை எழுதிவிட்டு, ‘இந்த வரியின் மேல் மவுஸ் நிற்கும்போது உள்பட்டியலைக் காட்டு’ என்று சிஎஸ்எஸ்ஸிடம் சொன்னால் போதும். இப்படி மேலே நிற்கும் நிலைக்குப் பெயர் ஹோவர். இணைப்புகளுக்கு மட்டுமே ஹோவரை அறிந்திருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்காகச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். எழுதியதும் சுருக்கம், படித்ததும் எளிது. உலகமே அதை நகலெடுத்தது.

சிஎஸ்எஸ்ஸிடம் ‘மவுஸ் மேலே நிற்கிறதா?’ என்று கேட்க வழி இருந்தது. ‘ஒருமுறை அழுத்தித் திறந்துவைத்திருக்கிறாரா?’ என்று கேட்க நேர்வழி இல்லை. ஆக, எதைக் கேட்பது சுலபமோ அது நடைமுறையாகிவிட்டது. பார்வையாளருக்கு எது நல்லது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. 2007இல் ஐபோன் வந்தபோது இந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது.

## குறுக்கே போனால் ஏன் மூடுகிறது

நம் நாடக வகுப்புக்குத் திரும்புவோம். ஒவ்வொரு வரியும் 40 பிக்சல் உயரம், முதல் பட்டியலின் அகலம் 200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ், ‘சிறுவர்’ வரியின் இடது ஓரத்தில், நடு உயரத்தில் இருக்கிறது. வலப்பக்கப் பட்டியல் ‘சிறுவர்’ வரிக்கு நேரே தொடங்குகிறது. நாடகம் அதில் நான்காவது வரி. அதாவது மவுஸ் 200 பிக்சல் வலமாகவும் 120 பிக்சல் கீழாகவும் போக வேண்டும்.

மனிதக் கை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். அந்தக் கோட்டில் 20 பிக்சல் கீழே இறங்கியதும் ‘சிறுவர்’ வரி முடிந்துவிடுகிறது. அதற்குள் வலப்பக்கம் கடந்திருக்கும் தூரம் வெறும் 33 பிக்சல். மீதி 167 பிக்சலும் ‘பெரியவர்’, ‘பள்ளி விடுமுறை’ என்று அண்டை வீட்டு வாசல்கள் வழியாகத்தான் பயணம். நிரலுக்கு உங்கள் நோக்கம் தெரியாது. மவுஸ் ‘பெரியவர்’ மேல் இருக்கிறது, எனவே பெரியவர் பட்டியலைக் காட்டுகிறது.

முதலில் நேர் வலமாகப் போய், அப்புறம் நேர் கீழே இறங்கினால் மூடாது. ஆனால் அது 40 பிக்சல் அகலச் சந்துக்குள் மவுஸை ஓட்டுவது மாதிரி. இப்படிப்பட்ட சந்தைக் கடக்க ஆகும் நேரம், நீளத்தை அகலத்தால் வகுத்த அளவுக்கு ஏற்பக் கூடும் என்று அக்கோ, ஜாய் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1997இல் காட்டினார்கள். வரியின் உயரத்தைப் பாதியாக்கி ‘அழகாக’ நெருக்கினால் சிரமம் இருமடங்காகும். கை நடுக்கம் உள்ள முதியவருக்கு அதற்கும் மேல்.

இதற்கு மூன்று தீர்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. தாமதம். மவுஸ் வெளியேறியதும் மூடாமல் அரை நொடிக்கும் குறைவாகக் காத்திருப்பது. கட்ட எளிது. ஆனால் ஒவ்வொரு முறை வரி மாறும்போதும் மெனு மந்தமாகத் தெரியும். தாமதத்தைக் குறைத்தால் பழைய கோளாறு திரும்பும்.

2. முக்கோணம். மவுஸ் இருக்கும் புள்ளியிலிருந்து துணைப்பட்டியலின் மேல், கீழ் மூலைகளுக்குக் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மவுஸ் அதற்குள் நகரும்வரை பட்டியலை மாற்றாமல் வைத்திருப்பது. 1980களின் நடுவில் ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டொக்னாட்ஸினி இதே எண்ணத்தை மேக்கின்டாஷ் மெனுக்களுக்கு வகுத்துக்கொடுத்தார். அமேசான் தளத்தின் மெனு இந்த உத்தியில் இயங்குவதைப் பென் கேமன்ஸ் என்ற நிரலாளர் 2013இல் விளக்கி எழுதியபின் இணையத்தில் பரவியது.

3. அழுத்தித் திறப்பது. அழுத்தினால் திறக்கும், மறுபடி அழுத்தினாலோ வெளியே அழுத்தினாலோ மூடும். மவுஸ் எந்த வழியில் போனாலும் கவலையில்லை.

முக்கோணம் நேர்த்தியான கணக்கு, மறுப்பதற்கில்லை. அமேசான் அளவுக்கு ஆயிரமாயிரம் பொருள்கள் விற்பவர்களுக்குத் தேவைப்படலாம். சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு புடவைக் கடைக்கோ, ஒரு துணைப்பாட நிலையத்துக்கோ மூன்றாவது வழியே போதும். பக்கவாட்டில் விரியும் இரண்டாம் அடுக்கே வேண்டாம் என்றால் பிரச்சினை வேரோடு போய்விடும்.

நடைமுறை உதாரணம் அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் அரசாங்க இணையத்தளங்களின் உச்சியில், இது அரசாங்க அமைப்பின் தளம் என்று சொல்லும் மெல்லிய பட்டை ஒன்று உண்டு. ‘எப்படி அடையாளம் காண்பது’ என்ற பொருளில் அதன் பக்கத்தில் ஒரு வாசகமும் சின்ன அம்புக்குறியும். மவுஸைக் கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது. அழுத்தினால் விளக்கம் விரியும், மறுபடி அழுத்தினால் மடங்கும். இதில் தடுமாற இடமே இல்லை.

## விரல் மிதப்பதில்லை

மவுஸுக்கு இரண்டு நிலைகள் உண்டு: மேலே நிற்பது, அழுத்துவது. விரலுக்குத் தொடுவது ஒன்றுதான். ஹோவரை நம்பிக் கட்டிய பழைய தளங்களுக்காகக் கைப்பேசி உலாவிகள் ஹோவரைப் பாவனை செய்கின்றன. அந்தப் பாவனை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐபோனின் சஃபாரி உலாவி, தட்டியதும் புதிதாக ஏதாவது தோன்றினால் அந்த முதல் தட்டலை ஹோவராக எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது தட்டலில்தான் இணைப்பு திறக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பெரும்பாலும் அதே தட்டலிலேயே பக்கம் மாறிவிடும். தொடக்கத்தில் சொன்ன ‘மின்னி மறையும்’ பட்டியல் இதுதான்.

வேர்க்காரணம், ‘வகுப்புகள்’ என்ற ஒரே தலைப்புக்கு இரண்டு வேலை கொடுத்தது. அது ஒரு பக்கத்துக்கான இணைப்பு. கூடவே பட்டியலைத் திறக்கும் பொத்தானும். இரண்டையும் பிரித்துவிட வேண்டும். தலைப்பைப் பொத்தானாக மட்டும் வைத்து, ‘எல்லா வகுப்புகளும்’ என்ற இணைப்பை உள்பட்டியலின் முதல் வரியாக்கலாம். அல்லது தலைப்பை இணைப்பாக விட்டுவிட்டு, பக்கத்தில் அம்புக்குறியைத் தனிப் பொத்தானாக வைக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். அம்புக்குறியைக் குறிபார்த்துத் தட்டுவது யாருக்கும் சுகமில்லை.

‘மவுஸ் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் ஹோவர், இல்லாவிட்டால் தட்டல் என்று வைத்துக்கொள்ளலாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. தொடுதிரையுள்ள மடிக்கணினியில் மவுஸும் இருக்கும், விரலும் இருக்கும். ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் இரண்டையும் பயன்படுத்துவார்.

அளவும் முக்கியம். இணையத்தள அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2ஆம் பதிப்பு, 2023 அக்டோபரில் வெளிவந்தது. தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கேற்ற இடைவெளியாவது வேண்டும் என்கிறது. ஆப்பிள் தன் கைப்பேசிச் செயலிகளுக்குப் பரிந்துரைப்பது 44. பெருவிரைவு ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் மெனுவைத் தேடுகிறவரை நினைத்தால் 44தான் நியாயமாகப் படுகிறது.

## மவுஸும் விரலும் இல்லாதவர்கள்

விசைப்பலகையால் மட்டும் உலாவுபவர்களும், திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுப் பயன்படுத்துபவர்களும், திரையை நான்கைந்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1, ஹோவரிலோ விசைப்பலகைக் குவியத்திலோ (டேப் விசையால் போய் நிற்கும் இடம்) தோன்றும் உள்ளடக்கத்துக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறது. மவுஸை நகர்த்தாமலேயே, எஸ்கேப் விசை போன்ற ஒன்றால், அதை மூட முடிய வேண்டும். தோன்றியதன் மேல் மவுஸைக் கொண்டுபோனாலும் அது மறையக்கூடாது. பயனர் நகரும்வரையோ அவரே அதை மூடும்வரையோ அது அங்கேயே இருக்க வேண்டும். பழைய ஹோவர் மெனுக்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையிலேயே தோற்றுப்போகும்.

திரைவாசிப்பானுக்கு அம்புக்குறி தெரியாது. பொத்தானில் ‘ஏரியா எக்ஸ்பாண்டெட்’ என்ற குறிப்பைச் சேர்த்து, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை ஜாவாஸ்கிரிப்டால் மாற்றிக்கொண்டே இருந்தால், அது ‘விரிந்துள்ளது’, ‘மடங்கியுள்ளது’ என்ற பொருளில் வாசித்துச் சொல்லும். இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஏரியா’ என்பது திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்காக ஹெச்டிஎம்எல்லில் சேர்க்கும் குறிப்புகளின் தொகுப்பு. ஒரு பகுதி என்ன வேலை செய்கிறது என்று சொல்லும் ‘பங்கு’ என்ற குறிப்பும் அதில் உண்டு. ‘மெனு’ என்றே ஒரு பங்கு இருக்கிறது. பெயரைப் பார்த்துத் தள மெனுவுக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது செயலிகளின் மெனுவுக்கானது. அதைப் போட்டால், அம்பு விசைகளால் நகர வேண்டும் என்று பயனர் எதிர்பார்ப்பார். அந்த வசதியைக் கட்டாமல் பெயரை மட்டும் சூட்டினால் அவர் உள்ளே மாட்டிக்கொள்வார். தள மெனுவுக்குச் சாதாரணப் பட்டியலும் பொத்தானும் போதும்.

## 9999 போட்டும் மேலே வராத மெனு

மெனு திறக்கிறது, ஆனால் கீழே உள்ள பெரிய படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எது மேலே, எது கீழே என்று தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் எண்ணுக்கு இசட் இண்டெக்ஸ் என்று பெயர். உடனே 9999 என்று போடுவார்கள். சில நேரம் அதுவும் பலிக்காது.

அடுக்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கிண்ணத்தில் இட்லியை எவ்வளவு உயரம் அடுக்கினாலும், உச்சி இட்லி மேல் கிண்ணத்துக்குக் கீழேதான். பக்கத்தின் ஒரு பகுதிக்குக் கொஞ்சம் ஒளிபுகும் தன்மை கொடுத்தாலோ அதை நகர்த்தும் அசைவு விளைவு சேர்த்தாலோ, உலாவி அந்தப் பகுதியைத் தனிக் கிண்ணமாக்கிவிடும். தலைப்புப் பகுதி கீழ்க் கிண்ணமாகிவிட்டால் அதனுள் இருக்கும் மெனுவின் 9999, அந்தக் கிண்ணத்துக்குள் மட்டுமே செல்லும். எண்ணைக் கூட்டுவதை விட்டுவிட்டுக் கிண்ணத்தை மேலே ஏற்ற வேண்டும். புதிய உலாவிகளில் ‘பாப்ஓவர்’ என்ற வசதி வந்திருக்கிறது. அது கேரியருக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள தனி அடுக்கில் மெனுவை வைத்துவிடுகிறது.

## தமிழ் வந்ததும் உடையும் மெனு

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. இங்கே மெனுவைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரைகிறார்கள். தமிழ் கடைசி வாரத்தில் வந்து சேர்கிறது. அப்போதுதான் வரிசையாகச் சிக்கல்கள் தலைகாட்டும்.

அகலம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் ‘ஜாப்ஸ்’, தமிழில் ‘வேலைவாய்ப்புகள்’. ‘எச்டிபி’க்கு மூன்று எழுத்து, ‘வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்’ இரண்டு வரிக்கு மடங்கும். மெனுவின் அகலத்தை எண்ணில் பூட்டாமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்ப விரியவிட வேண்டும். ‘வீவக’ என்ற சுருக்கம் இங்குள்ள வாசகருக்குத் தெரியும் என்பதால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்தைச் சிறிதாக்கித் திணிப்பது மட்டும் வேண்டாம்.

உயரம். கீ, ழு, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீளும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் அவற்றின் கொம்பும் காலும் வெட்டுப்படும். போதாக்குறைக்கு, தளத்துக்கென்று தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கருவியின் சொந்த எழுத்துரு வந்து உட்காரும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ்ச் சங்கம். மூன்றும் மூன்று உயரம். ஒன்றில் பொருந்துவது இன்னொன்றில் இடிக்கும்.

வெட்டு. நீளமான தலைப்பை ‘முதல் 11 எழுத்து போதும்’ என்று நறுக்கும் நிரல்கள் உண்டு. ‘வேலைவாய்ப்பு’ நம் கணக்கில் ஆறு எழுத்து: வே, லை, வா, ய், ப், பு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால் கணினியின் கணக்கில் 12. பதினொன்றில் வெட்டினால் கிடைப்பது ‘வேலைவாய்ப்ப’. ஒன்பதில் வெட்டினால் ‘வேலைவாய்ப’. தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் சரியாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

மொழி மாற்றும் பொத்தான். இதுவும் ஒரு டிராப்டவுன்தான், ஆனால் மற்றவற்றைவிட முக்கியமானது. தமிழ் மட்டும் படிப்பவருக்கு இதுதான் வாசல். அதை ஓர் உலக உருண்டைப் படத்துக்குள் ஒளித்து, உள்ளே ஆங்கில எழுத்தில் ‘டமில்’ என்று எழுதிவைத்தால், யாருக்காக வைத்தோமோ அவருக்கே அது எட்டாது. ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுத வேண்டும். நான்கே மொழிகள் என்னும்போது டிராப்டவுனே தேவையில்லை. நான்கையும் வெளிப்படையாக வரிசையில் வைத்துவிடலாம். தமிழுக்கு இந்தியக் கொடியைப் போடுவது இங்கே சுத்தமாகப் பொருந்தாது. இது இந்நாட்டின் சொந்த மொழிகளில் ஒன்று. அந்த இணைப்பின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்லில் குறித்துவிட்டால், தமிழ்க் குரல் நிறுவப்பட்ட திரைவாசிப்பான் அதைத் தமிழாகவே உச்சரிக்கும்.

## கட்டும் வரிசை

1. தாளில் எழுதுங்கள். எல்லாப் பக்கங்களையும் எழுதி, வருகிறவர் எதைத் தேடி வருகிறாரோ அதை முன்னால் வையுங்கள். அமைப்பின் உட்பிரிவுகளை அப்படியே தலைப்பாக்குவதுதான் வழக்கமான தவறு. ‘இளையர் பிரிவு’ எது, ‘கல்விக் குழு’ எது என்று வெளியாளுக்குத் தெரியாது. ‘ஏழு தலைப்புக்கு மேல் கூடாது’ என்று ஒரு விதி சுற்றுகிறது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது நினைவில் வைத்துக்கொள்வதைப் பற்றியது. கண்ணெதிரே இருக்கும் மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

2. வெறும் ஹெச்டிஎம்எல் பட்டியலாகக் கட்டுங்கள். நிறமும் அசைவும் இல்லாமலேயே எல்லா இணைப்பும் வேலை செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத நாளில் இதுதான் கைகொடுக்கும்.

3. தலைப்புகளைப் பொத்தானாக்கி, அழுத்தினால் திறக்கவும் எஸ்கேப்பில் மூடவும் செய்யுங்கள். மூடியதும் விசைப்பலகைக் குவியம் அதே பொத்தானுக்குத் திரும்ப வேண்டும்.

4. மூடியிருக்கும் பட்டியலை உண்மையாகவே மறையுங்கள். ஒளிபுகாத் தன்மையை மட்டும் பூஜ்யமாக்கினால், டேப் விசையை அழுத்துபவர் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளுக்குள் அலைந்துகொண்டிருப்பார்.

5. கைப்பேசியில் மூன்று கோட்டுப் படத்துக்குள் எல்லாவற்றையும் அடைப்பதாக இருந்தால், பக்கத்தில் ‘மெனு’ என்ற சொல்லையும் எழுதுங்கள். அகலமான கணினித் திரையில் அப்படி அடைக்கவே வேண்டாம்; இடம் இருக்கும்போது ஒளிப்பானேன்?

6. நான்கு மொழியிலும் ஓட்டிப் பாருங்கள். தமிழிலிருந்து தொடங்குங்கள். தமிழுக்கு இடம் போதுமென்றால் மற்ற மூன்றுக்கும் அநேகமாகப் போதும்.

சோதிக்கக் கூடமோ கருவியோ வேண்டாம். மவுஸைக் கழற்றிவிட்டு டேப், என்டர், எஸ்கேப் மூன்றை மட்டும் வைத்து நாடக வகுப்பின் கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள். திரையை இருமடங்காக்கி அதையே மறுபடி செய்யுங்கள். அப்புறம், தளத்தை இதுவரை பார்த்திராத ஒரு பாட்டியிடம் கைப்பேசியைக் கொடுத்து அதே கட்டணத்தைக் கேளுங்கள். பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. அவர் முதலில் எதைத் தட்டினார் என்பதை எழுதிக்கொண்டுவந்து முதல் படியின் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள்.